கேமராவை முறைத்த திருஷ்டி பொம்மை

விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. வீடு திண்டிவனத்தில். காலையில் ரயில், அதைத் தவறவிட்டால் பஸ். கல்யாணத்துக்கு முன்பே பிடித்த வேலை இது. பிரசவத்துக்காக வீட்டில் இருந்த மாதங்களைத் தவிர விட்டதில்லை. மகளுக்குக் கல்யாணமாகி அவள் கோயம்புத்தூர் போன பிறகும் விடவில்லை. எனக்கு அந்த வேலை பிடிக்கும், அதைச் சொல்ல என்ன வெட்கம்? அங்கே நான் "ஆடாதீங்க" என்றால் எப்பேர்ப்பட்ட ஆளும் ஆடாமல் நிற்பார். என் வீட்டில் ஒரு கரப்பான்பூச்சிகூட அப்படி நின்றதில்லை.

என் வீட்டுக்காரர் செஞ்சி ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவர். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தார். நடப்பதில் சிக்கல் இல்லை. வாசலில் யாராவது குரல் கொடுத்தால்தான் சிக்கல். கண்டக்டர் உடம்பு, பழகிப்போன உடம்பு; யார் "சார்" என்றாலும் தானாக எழுந்துகொள்ளும். ஒருநாள் கேஸ் சிலிண்டர்காரர் கூப்பிட்டார் என்று வாக்கரைக்கூட எடுக்காமல் ஓடியிருக்கிறார். கூடத்தில் கால் மடங்கிவிட்டது. சிலிண்டர்காரர் பின்கதவு வழியாக வந்து தூக்கி உட்கார வைத்துவிட்டுப் போனார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை, சாமி புண்ணியம்.

ஆனால் சேதி எனக்கு வருவதற்கு முன்பே கூட்டேரிப்பட்டுக்குப் போய்விட்டது. அங்கே இருப்பது என் நாத்தனார், அவருடைய அக்கா. சனிக்கிழமை காலையில் பையும் கையுமாக வந்து இறங்கிவிட்டார்.

"இன்னாமா நீ? புருஷன் இங்க வுழுந்து கெடக்கிறான், நீ அங்க ஊரான் எலும்பைப் படம் புடிச்சிக்கினு இருக்கிற. சம்பாரிச்சது போதும். வேலைய வுட்டுட்டு வூட்ல இரு."

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் மேலே ஃபேனைப் பார்த்தார். "அக்கா சொல்றதும் சரிதானேம்மா" என்றார், ஃபேனிடம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அக்காவையும் தம்பியையும் சேர்த்து நிற்க வைத்து, தலைக்குள் என்ன இருக்கிறதென்று படம் எடுத்திருப்பேன்.

"ஓடிப்போய் கதவைத் தொறக்கிறதுதானே அண்ணி பேஜாரு? படுத்த எடத்துல இருந்தே தொறக்குற மாதிரி நான் பண்றேன். அதுக்கப்புறமும் இவரு ஓடினா, நானே வேலைய விட்டுடறேன்."

"பண்ணு, பாப்போம். ஒருநாள் சொல்லாம கொள்ளாம வருவேன். அவன் எழுந்துக்கினு வந்து கதவைத் தொறந்தான்னு வெச்சிக்க, அன்னிக்கே நீ வேலைய வுட்டுடணும்."

"சரி" என்றேன். வாய் கொடுத்தாகிவிட்டது. எப்படிச் செய்வது என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

மகள் தீபாவளிக்கு வந்தபோது ஒரு பேசும் பெட்டியும் ஒரு டேப்லெட்டும் வாங்கித் தந்திருந்தாள். பெட்டியிடம் பாட்டு போடச் சொன்னால் போடும். லைட்டை அணைக்கச் சொன்னால் அணைக்கும். நாங்கள் காலையில் பக்திப் பாட்டோடு நிறுத்திக்கொண்டோம். கதவுக்கு மேல் ஒரு கேமரா, கதவில் ஒரு எலெக்ட்ரிக் பூட்டு, இரண்டையும் இந்தப் பெட்டியோடு இணைத்துவிட்டால் யார் வந்தாலும் பெட்டி சொல்லும், டேப்லெட்டில் முகம் தெரியும், தொட்டால் கதவு திறக்கும் என்று மகள் போனில் சொன்னாள். அன்றைக்கே மேம்பாலத்துப் பக்கம் ஒரு கடையில் சொல்லி ஆளை வரவழைத்தேன். அவர் கேமராவை மாட்டினார், பூட்டைப் பொருத்தினார், தன் போனில் படத்தைக் காட்டினார். "பெட்டியோட சேக்குறதெல்லாம் நம்ம வேல இல்லீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூழ் குடித்த கையோடு நானே உட்கார்ந்தேன். பூட்டு மறுபேச்சில்லாமல் பெட்டியோடு சேர்ந்தது. கேமரா மட்டும் சேரவில்லை. பெட்டி தேடும், தேடும், கடைசியில் இல்லை என்று கையை விரிக்கும். தலைக்கு மேலே பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும் கேமராவை இல்லை என்கிறது! திட்டினேன். கெஞ்சினேன். வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டேன். நாத்தனார் எதிரே உட்கார்ந்து அவித்த மல்லாட்டையை உரித்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டே, "வேலியில போற ஓணானை எடுத்து மடியில வுட்டுக்கினா இப்டித்தான்" என்றார்.

நேற்று அந்த ஆள் படத்தைக் காட்டியது என் போனில் இல்லை, தன் போனில். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே கூப்பிட்டேன்.

"யாரு பேர்ல ஏத்தி வெச்சிருக்கீங்க கேமராவ?"

"என் நம்பர்லதான் மேடம். எல்லாக் கஸ்டமருக்கும் அப்டித்தான் பண்றது. நாளைக்கு ரிப்பேருன்னா நமக்கு ஈஸி பாருங்க."

அடப்பாவி! என் வீட்டு வாசலை நேற்றிலிருந்து அந்த ஆள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். பெட்டி என் பெயரில், கேமரா அவர் பெயரில். அப்புறம் எப்படி ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ளும்? நான் கத்தியதில் போன் சூடாகியிருக்கும். அவர் உடனே தன் போனிலிருந்து என் வீட்டை நீக்கினார். நான் ஸ்டூல் போட்டு ஏறி, தாலிச் சரட்டில் தொங்கும் ஊக்கைக் கழற்றி, கேமராவின் அடியில் இருந்த சின்ன ஓட்டைக்குள் விட்டு அழுத்திப் பிடித்தேன். கேமரா பழசை மறந்தது. என் பெயரைக் கொடுத்துப் புதிதாக ஏற்றினேன். பெட்டி தேடியது. கிடைத்தது!

ஆள் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினேன். நாத்தனாரை வாசலுக்கு அனுப்பினேன். பெட்டி வெள்ளைக்காரன் தமிழில் பேசியது: "வாஸல்ல ஆல் வந்திருக்காங்க. நீங்க எலுந்திருக்காதீங்க." என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. டேப்லெட்டில் அக்காவின் முகத்தைப் பார்த்து விரலால் தொட்டார். கதவு டொக்கென்று திறந்தது. நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவர் மேலே கேமராவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை நான் ரயிலுக்குக் கிளம்பினேன். நாத்தனார் எனக்குப் பிறகு கூட்டேரிப்பட்டு பஸ்ஸைப் பிடிப்பதாகச் சொன்னார்.

சென்டரில் வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே போன் அதிர ஆரம்பித்தது. கேமரா எனக்கும் சேதி அனுப்பியது: வாசலில் ஆள். நின்றது. மறுபடி ஆள். மறுபடி. எங்கள் வீட்டுக்கு ஒரு வருஷத்தில் வராத கூட்டம் ஒரு காலைக்குள் வந்துகொண்டிருந்தது. கை முறிந்த ஒருவரைப் படுக்க வைத்து, மிஷினைச் சரிசெய்துவிட்டு, பொறுக்க முடியாமல் போனைத் திறந்தேன். பிதுங்கிய கண், கோரைப் பல், தொங்கும் சிவப்பு நாக்கு, முறுக்கிய மீசை. "ஐயையோ!" என்று அலறிவிட்டேன்.

படுத்திருந்தவர் நடுங்கிப்போய்க் கேட்டார்: "எலும்பு அவ்ளோ மோசமாங்களா?"

அவரைச் சமாதானப்படுத்தி, படமும் எடுத்து அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன். அந்த முகம் வேறு யாருமல்ல, எங்கள் கேட்டின் இடது கதவில் தொங்கும் திருஷ்டி பொம்மை. வீடு கட்டிய நாளிலிருந்து தெருவைப் பார்த்துத் தொங்கியது. இப்போது கேமராவைப் பார்த்துத் தொங்குகிறது. காற்றடித்தால் ஆடும், ஆடினால் கேமரா அதை ஆள் என்று நினைக்கும்.

"ஏங்க, பொம்மைய யாரு திருப்பினது?"

மெதுவாக, "அக்காதான். உங்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னா" என்றார். "காத்தடிக்கிறப்போல்லாம் ஆள் வந்திருக்காங்கன்னு சொல்லிக்கினே இருக்குதும்மா. தாங்கல. எழுந்து போய் பொட்டி ஒயரைப் புடுங்கிட்டேன். வாக்கர் ஒயர்ல மாட்டிக்கிச்சி. வுழல, வுழல. லேசா தடுமாறிச்சி, அவ்ளோதான்."

எழுந்திருக்காமல் இருக்கத்தானே இத்தனை பாடு! கிணறு வெட்டப் பூதம் கிளம்பியிருக்கிறது. இந்த நேரம் பார்த்து நாத்தனார் வாசலில் நின்றிருந்தால் என் வேலை போயிருக்கும்.

அடுத்து கூட்டேரிப்பட்டுக்குப் போட்டேன். "ஏன் அண்ணி இப்டிப் பண்ணீங்க?"

"பின்ன? ஊரான் கண்ணு எப்பயாவது வந்து பட்டுட்டுப் போவும். இது ராவும் பகலும் வூட்டு மேலயே குந்திக்கினு இருக்கிற கண்ணு. எந்தம்பி ஏற்கனவே இடுப்பு ஒடிஞ்சி கெடக்கிறான். இன்னும் ஒரு கண்ணைத் தாங்குவானா? அதான் பொம்மைய அது பக்கம் திருப்பிவுட்டேன்."

தம்பி மேல் அவருக்கு உயிர். பொம்மையைப் பழையபடி திருப்ப ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் நாளைக்கு என் வீட்டுக்காரருக்கு ஒரு தும்மல் வந்தாலும், பொம்மையைத் திருப்பிய மகராசி என்று ஏழு ஜென்மத்துக்கும் என்னைத்தான் சொல்வார்கள். பொம்மை அப்படியே இருக்கட்டும். கேமராதான் வழிக்கு வர வேண்டும்.

சாயங்கால ரயிலில் உட்கார இடம் இல்லை. கம்பியில் சாய்ந்து நின்றபடி போனில் கேமராவின் வயிற்றை எல்லாம் திறந்து பார்த்தேன். விக்கிரவாண்டி தாண்டியபோது அது கண்ணில் பட்டது: கவனிக்க வேண்டிய பகுதியைக் கோடு போட்டுக் காட்டலாமாம். கோட்டுக்கு வெளியே என்ன ஆடினாலும் கேமரா கண்டுகொள்ளாது. எங்கள் கேட்டின் இடது கதவு எப்போதும் தாழிட்டே இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் வலது கதவு வழியாகத்தான் வருவார்கள். இடது கதவை மட்டும் விட்டுவிட்டுக் கோடு போட வேண்டும், அவ்வளவுதானே! ரயில் குலுக்கியதில் விரல் வழுக்கி, பொம்மை உள்ளே வந்தது, வாசற்படி வெளியே போனது. அழித்துவிட்டுப் போட்டேன். மறுபடியும் கோணல். பேரணியில் ரயில் நின்றது. பக்கத்தில் இருந்த பூக்காரம்மா என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப போடும்மா, ஜல்தியா போடு" என்றார். என்ன போடுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. போட்டேன். கத்தரித்த மாதிரி நின்றது கோடு!

வீட்டுக்குப் போனதும் ஒயரைக் கட்டிலுக்குப் பின்னால், வாக்கர் போகாத பக்கமாக இழுத்துக் கட்டிப் பெட்டியைச் சொருகினேன். காற்று நன்றாகவே அடித்தது. பொம்மை கூத்தாடியது. பெட்டி வாயைத் திறக்கவில்லை. நான் தெருவுக்குப் போய் வலது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தேன். "வாஸல்ல ஆல் வந்திருக்காங்க" என்றது. ஜெயித்துவிட்டேன் என்று வாசலிலேயே கத்தினேன். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

நாத்தனாருக்குப் போன் போட்டு, "பொம்மைய நீங்க வெச்ச மாதிரியே வுட்டுட்டேன் அண்ணி. கேமரா இனிமே அந்தப் பக்கமே பாக்காது" என்றேன்.

"பயந்துக்கிச்சி பாத்தியா!" என்றார்.

வியாழக்கிழமை மதியம் போன் அதிர்ந்தது. திறந்தேன். வாசலில் நாத்தனார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. சொன்னபடி சொல்லாமல் வந்துவிட்டார். நானே விழுப்புரத்திலிருந்து கதவைத் திறந்திருக்கலாம். விரல் அங்கேதான் இருந்தது. ஆனால் பந்தயம் அதுவல்ல. விரலை மடக்கிக்கொண்டேன்.

நாத்தனார் லேசுப்பட்டவர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, உயிர் போகிற குரலில் கூப்பிட்டார்: "தம்பீ! ஐயோ தம்பீ! ஜல்தியா வாடா!"

அந்தக் குரலுக்கு ஓடாத தம்பி உண்டா? போச்சு என்று நினைத்தேன். உள்ளே வாக்கர் உரசும் சத்தம் இல்லை. டொக்கென்றது பூட்டு. கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளேயிருந்து நிதானமான குரல் வந்தது.

"நீ கையை இடுப்புல வெச்சிக்கினு நல்லாத்தான் நிக்கிற, பாத்துக்கினுதான் இருக்கேன். உள்ள வாக்கா."

என் ராசா! முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை. கேமராவின் மைக்கைத் தொட்டு, "வாங்க அண்ணி" என்றேன்.

தலைக்கு மேலே என் குரல் கேட்டதும் அவர் துள்ளிக்குதித்தார். மேலே பார்த்து, முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "எங்கடி இருக்கிற நீ?"

"விழுப்புரத்துல. வேலைல."

எதிர்வீட்டு அம்மா அதற்குள் கேட்டருகே வந்துவிட்டார். "யாருகிட்ட பேசிக்கினு இருக்கீங்க?"

"எந்தம்பி பொண்டாட்டிதான்" என்றார் நாத்தனார், தெருவுக்கே கேட்கும்படி. "அவ விழுப்புரத்துல உக்காந்துக்கினே இங்க வூட்டு வாசலப் பாத்துக்குறா. எந்தம்பி படுத்த எடத்துல இருந்தே கதவைத் தொறக்குறான். எல்லாம் அவ ஒருத்தியா பண்ணது."

"வேலைய வுடப் போறதா சொன்னாங்களே?"

"எவ சொன்னா?" என்று சீறினார் நாத்தனார். "இவ்ளோ கெட்டிக்காரி வேலைய ஏன் வுடணும்? நாங்க அப்டிச் சொல்ற குடும்பமா?"

எவள் சொன்னாள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் மைக்கை அணைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே காத்திருந்தவரை எக்ஸ்ரேவுக்குக் கூப்பிட்டேன்.