வண்டி நிற்கும் முன்: ஆவடி முதல் பூந்தமல்லி வரை

என் மனைவி கலைவாணி ஒரு நர்ஸ். இங்கிலாந்தில் வேலை கிடைக்க அவள் எழுதும் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதி, பூந்தமல்லியில் காலை பத்து மணிக்கு என்று தகவல் வந்தது. போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை திருமுல்லைவாயிலில் இருந்து கிளம்பினோம். அந்த வழியில் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். சுகமான பயணம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆவடிக்கு மின்சார ரயில், ஐந்து ரூபாய். வகுப்பில் சொல்லிக்கொடுத்த பேச்சு ஆங்கிலத்தை அவள் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். ‘ஹாப் ஆன்’ என்றால் சட்டென்று ஏறிக்கொள், ‘ஹாப் ஆஃப்’ என்றால் இறங்கிக்கொள். ‘பாப் இன்’ உள்ளே வந்து தலைகாட்டுவது, ‘நிப் அவுட்’ வெளியே போய் உடனே திரும்புவது.

“நாம படிச்சதெல்லாம் என்டர், எக்ஸிட்தானே?” என்றேன்.

“பேஷன்ட்கிட்ட அப்படிப் பேசினா சிரிப்பாங்களாம். கட்டில்ல ஏறிப் படுங்கன்றதுக்கே ஹாப் ஆன்தான்.”

ஆவடியில் இருந்து பூந்தமல்லி ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். எட்டரை மணி பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. பக்கத்தில் செக்யூரிட்டி சட்டை போட்ட பெரியவர் ஒருவர், கையில் சாப்பாட்டுப் பை. பருத்திப்பட்டு தாண்டியதும் படிக்கு நகர்ந்தார்.

“வண்டி நிக்கட்டும்யா,” என்றாள் கலைவாணி.

“இன்னாமா, டெய்லி எறங்குற எடந்தான்,” என்று ஒரு காலைக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்து பஸ் வேகமெடுத்தது. பின்மண்டை தார்ச்சாலையில் மோதிய சத்தம் உள்ளே இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

பஸ் நின்றதும் அவள்தான் முதலில் ஓடினாள். சாலையில் மண்டியிட்டு, அவர் கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டாள். காதில் இருந்து ரத்தம் வந்தது.

“ஐயா, என்னப் பாருங்க. பேர் சொல்லுங்க.”

“ஏழுமலை,” என்றார். “ஊட்டாண்ட சொல்லாதமா. பயந்துக்கும்.”

ஆம்புலன்ஸில் அவளும் ஏறினாள். தேர்வு என்று நான் ஆரம்பித்ததும், “நீங்க ஆட்டோ புடிச்சி வாங்க,” என்று கதவைச் சாத்தச் சொல்லிவிட்டாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் இறந்திருந்தார். சற்று நேரத்தில் அவர் மனைவி வந்து கலைவாணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“காலைல சண்ட போட்டுகினு போனாருமா. எதுனா சொன்னாரா?”

“உங்களப் பத்திதான் சொன்னாரு. நீங்க பயந்துக்கக் கூடாதுன்னு.”

 மதியம்தான் வீடு திரும்பினோம்.

காலையில் இந்த வழியாகப் போகிறவர்கள் பஸ்ஸுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். செல்போன் மேப் காட்டும் பயண நேரத்தை நம்பாதீர்கள். தேர்வு, இன்டர்வியூ என்றால் இன்னும் அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள். அவசரம் இல்லாதவருக்குத்தான் வண்டி நிற்கும்வரை பொறுமை இருக்கிறது.

தவறிப்போன தேர்வுக்கு மறுபடி பணம் கட்டி, அடுத்த மாதம் அதே பஸ்ஸில் போனோம். ஏழுமலை இறங்கப் போன அந்த நிறுத்தம் நெருங்கியதும் கலைவாணி படியில் இறங்கி, இரண்டு கம்பிகளையும் பிடித்து வழியை மறித்துக்கொண்டாள்.

“எறங்குமா, லேட்டாவுது,” என்றார் பின்னால் ஒருவர்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேர் திட்டினார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் குலுங்கி, முழுசாக நின்றது. அப்புறம்தான் அவள் கீழே இறங்கி ஒதுங்கி நின்று, ஒவ்வொருவராக இறங்க வழிவிட்டாள்.