ஷார்ஜா மைதானத்தில் நான் இட்ட உத்தரவு

கல்லூரிக் கால்பந்து அணியில் கோல்கீப்பர் பயிற்சியாளர் எங்கே நிற்பார் என்று பலருக்குத் தெரியாது. தலைமைப் பயிற்சியாளருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நிற்பார். மூன்று கோல்கீப்பர்களுக்கு மட்டுமே அவர் ஆசிரியர். மற்றவர்கள் அவருக்கு வணக்கம் சொல்வதோடு சரி. தலைமைப் பயிற்சியாளர் மாறினால் பெரும்பாலும் அவரும் மாற வேண்டியிருக்கும். அவ்வாறே நான் தோஹாவில் ஐந்து ஆண்டுகளும் சோஹாரில் மூன்று ஆண்டுகளும் பணியாற்றிவிட்டு, புஜைராவில் ஒரு கல்லூரிக்கு வந்தேன். உடற்கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றவன். பல்கலைக்கழக அணிக்கு ஆடியவன். அதுவரை எந்த இடத்திலிருந்தும் என்னை யாரும் அனுப்பியதில்லை. ஒப்பந்தம் முடிந்தது, வந்தேன். இவ்விரண்டையும் ஒன்றாகப் பேசுவோரை நான் திருத்தாமல் விட்டதில்லை.

புஜைராவில் நான்காம் ஆண்டு தொடங்கியபோது பழைய தலைமைப் பயிற்சியாளர் விலகி, துனிசியாக்காரர் ஒருவர் வந்தார். என் வயதில் பாதி. போட்டிப் பருவம் முடிந்த பிறகே உதவியாளர்களில் யார் இருப்பது என்று சொல்வேன் என்றார். அந்த மாதங்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மின்னஞ்சலைத் திறப்பேன், மூடுவேன், கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வந்து மறுபடியும் திறப்பேன். என் மனைவி ஒரு நாள் சொன்னாள்: “தோஹாவுல வாங்கின திரைச்சீலை சோஹார் ஜன்னலுக்கு நீளம். சோஹார்ல வெட்டித் தச்சது இங்க குட்டை. அடுத்து எந்த ஊருன்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா நான் துணியாவே வச்சிருப்பேன்.”

பருவத்தின் அரையிறுதி ஆட்டம் ஷார்ஜாவில் நடந்தது. எங்கள் புஜைரா மைதானத்துக்கு மேற்கே மலை. மாலை நாலரைக்கெல்லாம் வெயிலை மலை வாங்கிக்கொள்ளும். ஷார்ஜாவில் மலை கிடையாது. போதாக்குறைக்கு அந்த மைதானம் கிழக்கு மேற்காக அமைந்திருந்தது. இரண்டாம் பாதியில் எங்கள் கோல்கீப்பர் மேற்கு நோக்கி நிற்க வேண்டும். அவன் மூன்றாம் ஆண்டு மாணவன். இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்து துபாயில் தேரா பகுதியில் கடை வைத்திருப்பவரின் மகன். இடைவேளையில் என்னிடம் வந்தான்.

“சார், கேப் போட்டுக்கவா? சன் நேரா கண்ல அடிக்கும்.”

“வேண்டாம். தொப்பி விளிம்பு உயரப் பந்தை மறைக்கும். மூணு வருஷமா என்ன சொல்லிக்கிட்டிருக்கேன்?”

“ஓகே சார்.”

தொப்பி கூடாது என்பது என் கொள்கை. மலை நிழலில் அது பிழையாகத் தெரிந்ததே இல்லை. அன்று எழுபதாவது நிமிடத்தில் இடப்புறமிருந்து உயர்ந்து வந்த பந்துக்கு அவன் கைகளை நீட்டினான். பந்து வேறிடத்தில் இருந்தது. பத்து நிமிடம் கழித்து அதே போல் இன்னொன்று. இரண்டு கோல்களில் தோற்றோம்.

திரும்பும் பேருந்தில் தலைமைப் பயிற்சியாளர் எழுந்து நின்று அவனிடம், தொப்பி ஏன் அணியவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. “பையில் விட்டுவிட்டேன், கோச். என் தவறு” என்றான். நான் இரண்டு இருக்கை முன்னால் உட்கார்ந்திருந்தேன். வழியில் மசாஃபி ஊரைத் தாண்டியும் என் வாய் திறக்கவில்லை.

மறுநாள், அடுத்த பருவத்தின் பட்டியலில் அவன் பெயரைச் சேர்க்கப் போவதில்லை என்றார் தலைமைப் பயிற்சியாளர். அவனுக்கு அது கடைசி ஆண்டாக இருக்கும்; ஒரு கிளப்பிலிருந்து அவனைப் பார்க்க வருவதாகவும் சொல்லியிருந்தார்கள். அவனைப் பற்றி ஓர் அறிக்கை எழுதித் தருமாறு என்னிடம் கேட்டார். என் ஒப்பந்தத்தையும் அந்த அறிக்கையோடு சேர்த்தே பார்ப்பதாகச் சொன்னார்.

எட்டு நாள் எழுதினேன். ‘கவனக்குறைவு’ என்று எழுதுவேன், அடிப்பேன். சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்தபடியே இருந்ததில் கீழ் வீட்டு மலையாளி என் மனைவியிடம் நலம் விசாரித்தார். எட்டாம் நாள் அவள் கணினித் திரையைப் படித்துவிட்டாள்.

“ஏங்க, அந்தப் புள்ள மறந்துட்டான்னா எழுதப் போறீங்க?”

“அவனே அப்படித்தான் சொன்னான்.”

“உங்க மூஞ்சிக்காகச் சொன்னான். அதை நீங்க எழுதிக் கையெழுத்து வேற போடுவீங்களாக்கும்.”

மறுநாள் காலை தலைமைப் பயிற்சியாளரின் அறைக்குச் சென்றேன். தொப்பி அணிய அவன் அனுமதி கேட்டதையும் நான் மறுத்ததையும் ஆங்கிலத்தில் நின்றபடியே சொன்னேன். அவர் நாற்காலியைக் காட்டினார், நான் உட்காரவில்லை.

“பேருந்தில் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார்.

அவர் காட்டிய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்படியானால் இரண்டு பேர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள். ஒருவனுக்கு இருபது வயது. அவனை நான் திருத்திக்கொள்வேன். உங்களை நான் எப்படித் திருத்துவது, கோச்?” என்றார். பிறகு கைகளைத் தட்டித் துடைத்துக்கொண்டு, “கலாஸ்” என்றார். அரபியில் ‘முடிந்தது’. கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அன்று மாலைப் பயிற்சிக்கு நான் போனபோது அந்த மாணவன் வாசலிலேயே மறித்தான்.

“ஏன் சார் போய்ச் சொன்னீங்க? நான்தான் சொல்லிட்டேன்ல? இப்ப கோச் முகத்துக்கு நேரா என்னை லையர்ங்கறார்.”

“லிஸ்ட்ல உன் பேரு இருக்கா இல்லையா?”

“இருக்கு சார். அது வேற, இது வேற.”

அவன் சொன்னதும் சரிதான். என் ஒப்பந்தத்தில் எஞ்சிய மூன்று வாரமும் நான் சொன்ன பயிற்சிகளை அவன் ஒழுங்காகச் செய்தான், பேசவில்லை.

இப்போது மஸ்கட்டில் ஒரு கல்லூரியில் இருக்கிறேன். அரையிறுதியில் தோற்றதற்காகப் புஜைராவில் என்னை நீக்கினார்கள் என்று நம்மவர்கள் சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அது தவறு. தோல்விக்காக என்னை யாரும் நீக்கவில்லை. நான் இட்ட உத்தரவை என்னுடையது என்று சொல்ல ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன், அதற்காக நீக்கினார்கள். என்னைப் பற்றிப் பேசுவோர் இனி இதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதினேன்.