'ம்' சொல்லாத இடங்கள்

கால் சிஸ்டர் அவருடைய வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் ஒரு துண்டை விரித்திருந்தாள் என்பது உண்மைதான். இருந்தாலும் மடி மடிதானே என்று நினைத்தாள், சுவரோரம் நின்றிருந்த அவர் மனைவி.

சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்ப்பதற்கென்றே அந்த ஆஸ்பத்திரியில் ஓர் அறை இருந்தது. அதில் இருப்பதால் அந்த நர்ஸுக்குக் கால் சிஸ்டர் என்று பெயர். சின்ன வயது. அவர் பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் நின்றே தலை நரைத்தவர். மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பவள்.

"கண்ணை மூடிக்குங்க சார். நான் தொடறது தெரிஞ்சா 'ம்'னு சொல்லுங்க."

தூண்டில் நரம்பு மாதிரியான ஒரு நைலான் இழையால் அங்கங்கே தொட்டாள். கணுக்காலில் 'ம்' என்றார். புறங்காலில் 'ம்' என்றார். உள்ளங்காலுக்குப் போனதும் சத்தத்தைக் காணோம். கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து அப்படியே இருந்தார். மனுஷன் சொக்கிப்போய்விட்டார் என்று நினைத்தாள் மனைவி. சிஸ்டர் இழையைக் கீழே வைத்துவிட்டு மெல்லிய குரலில் ஏதோ விளக்க ஆரம்பித்தபோது, இவள் வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

வெளியே வந்தவர், "சின்னப் புண் வந்தாக்கூடக் காலையே எடுக்கிற அளவுக்குப் போயிடுமாம்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் பேச்செல்லாம் சிஸ்டர் பேச்சு.

"சிஸ்டர் சொன்னாங்க, விரலிடுக்குல ஈரம் நிக்கக்கூடாதாம்."

"நான் சொன்னப்ப காதுல பஞ்சு வச்சிருந்தீங்களா?"

"நகத்தை வளைச்சு வெட்டக்கூடாதாம், நேரா வெட்டணுமாம்."

"சாப்பிடறதைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா? சோறு ஆறுது."

வெறுங்காலோடு மொட்டை மாடிக்குப் போகாதீர்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லியிருக்கிறாள். கேட்டதில்லை. சிஸ்டர் ஒரு தடவை சொன்னாள். வீட்டுக்குள் போட ஒரு செருப்பு, வெளியே போட அகலமான ஷூ, தையல் உறுத்தாத காலுறை எல்லாம் வந்துவிட்டன. டூட்டி முடிந்து வந்ததும் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் எடுப்பார். முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருக்கும் அவளுக்கு. கழுவித் துடைத்த பிறகு அவளுடைய கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து, உள்ளங்காலை அதில் காட்டி, திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

என் மூஞ்சியை ஒரு நாள் இப்படிப் பார்த்திருப்பாரா என்று அவள் மிஷினை வேகமாக மிதிப்பாள். மிதித்து மிதித்து அவள் குதிகால் வெடித்திருந்தது. படுத்தால் போர்வை நூல் அதில் மாட்டும். அதைப் பார்க்க எந்த ஆஸ்பத்திரியிலும் அறை இல்லை.

ஒரு விடுமுறை நாள் சாயங்காலம் அவர் தொட்டியை எடுக்கப் போனபோது அவள் முந்திக்கொண்டாள்.

"உக்காருங்க. இன்னைக்கு நான் பண்றேன்."

"உனக்கு ஏன் சிரமம்?"

"அவ பண்ணினா சிரமம் இல்லையா?"

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவள் கொதிநீரைக் கொண்டுவந்து பச்சைத்தண்ணீர் கொஞ்சம் கலந்தாள். விரல்களை விட்டுப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி நகர்ந்த கையோடு தையல் மடிப்பை அழுத்திவிடுகிற விரல்கள். சூடு இதமாகத்தான் பட்டது. அவர் குனிந்து முழங்கையை நீட்டினார். அவள் தட்டிவிட்டாள்.

"என் கையை நம்ப மாட்டீங்க, இல்லே?"

கை பின்வாங்கியது. அவள் வலது காலைத் தூக்கித் தண்ணீரில் வைத்தாள்.

"சூடு சரியா இருக்கா?"

"சொகமா இருக்கு" என்றார்.

அந்த வார்த்தை அவளுக்குப் போதுமாக இருந்தது. நிதானமாகத் தேய்த்தாள். பிறகு துண்டுகூட விரிக்காமல் அந்தக் காலை மடியில் வைத்துத் துடைத்தாள். பாதம் செக்கச்செவேல் என்றிருந்தது. ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்தாள். இடது காலின் முறை வந்தபோது தண்ணீர் ஆறியிருந்தது.

காலையில் வலது குதிகாலில் எலுமிச்சம்பழ அளவில் கொப்புளம். அவர் அதை மிதித்தபடி பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவள்தான் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் கால் சிஸ்டர் பார்த்ததுமே, "வெந்நீரா?" என்றாள்.

"நானேதான் ஊத்திக்கிட்டேன்" என்றார் அவர்.

"அவர் இல்லை. நான்" என்றாள் மனைவி. "தொட்டுப் பாத்துதான் ஊத்தினேன். எனக்குச் சுடலை."

சிஸ்டர் அவள் கையைத் திருப்பி, காய்த்துப்போன விரல் நுனிகளை அழுத்திப் பார்த்தாள். பிறகு மேஜையிலிருந்து நைலான் இழையை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

"இந்த இடது கால்ல நீங்களே தொட்டுப் பாருங்கக்கா."

இவளுக்கு நான் அக்காவாம் என்று அப்போதும் ஓடியது மனசில். உட்கார்ந்து அவருடைய காலைப் பிடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கணுக்காலில் தொட்டாள்.

"ம்."

உள்ளங்காலில் தொட்டாள். காத்திருந்தாள். இழை வளைகிறவரை அழுத்தினாள். அன்றைக்குப் பார்த்த அதே முகம்.

"தொட்டியா?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

அவள் இழையை மேஜையில் வைத்தாள். "நேத்து சொகமா இருக்குன்னீங்க" என்றாள்.

"நீ உக்காந்து தேய்ச்சுவிட்டியே. அதைச் சொன்னேன்."

"தெரியலைன்னு ஏன் சொல்லலை?"

"நீ பயந்துடுவேன்னு."

"இவங்களுக்கு மட்டும் தெரியும்."

சிஸ்டர் கட்டுப் போட்டாள். கொப்புளத்தை உடைக்காமல் வந்தது நல்லது என்றாள். கால் தப்புமா என்று மனைவி கேட்டதற்கு, இப்போது சொல்ல முடியாது என்றாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. வலது காலைத் தலையணையின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு பேன்ட்டுகளுக்குக் கீழ்மடிப்பு தைத்தாள். சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் எடுத்து, முழங்கையை விட்டுப் பார்த்து, இடது காலை மட்டும் கழுவினாள். விரலிடுக்குகளைத் துடைத்தாள். கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கால் சிஸ்டர் போன் செய்து காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டாள். அவரே பேசினார். இல்லை என்றார். ஏதோ சொல்லிச் சிரித்தார். அவள் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தாள்.