பூவுக்கு அளவெடுப்பவர்

கவராயத்தின் இரு முனைகளையும் பூவின் வாயில் மெல்ல விரித்து வைத்ததும் கைலாசம் மூச்சை அடக்கிக்கொள்வார். முனைகள் நகராமல் ஸ்கேலில் வைத்துப் படித்து, நோட்டில் எழுதிய பிறகுதான் மூச்சு வெளியே வரும்.

தென்காசியில் உயர்நிலைப்பள்ளி விஞ்ஞான ஆசிரியர். சாரல் காலத்துச் சனிக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் குற்றாலம் வந்துவிடுவார். மற்றவர்கள் அருவிக்குப் போவார்கள். அவர் நீர் கசியும் பாறைகளில் முளைத்திருக்கும் காட்டுக் காசித்தும்பைகளிடம் போவார். காதிடுக்கில் பென்சில், முழங்காலுக்கு மேல் மடித்த வேட்டி. செடிக்கு ஓர் இலை, ஒரு பூ அளப்பார். "நம்ம சார் பூவுக்குச் சட்டை தைக்காருலே" என்று மாணவர்கள் பேசிக்கொண்டது அவர் காதுக்கும் வந்தது. காலர் மட்டும்தான் பாக்கி என்று பதில் சொல்லி அனுப்பினார்.

அவர் கண்டது சின்ன விஷயம். மண் நிறைந்த இடத்தில் இலை நான்கு அங்குலம் இருந்தால், வெறும் பாறையில் மூன்று. பூவின் வாய் மட்டும் எங்கே அளந்தாலும் அரை அங்குலமும் ஒரு நூலும், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கும். ஐந்து வருஷ அளவுகளைச் சேர்த்துச் சென்னையில் ஒரு பேராசிரியருக்கு எழுதினார். இவை எல்லாம் மழை பெய்த வருஷங்கள், வறண்ட வருஷத்திலும் பூ சுருங்கவில்லையென்றால் எழுதுங்கள் என்று கார்டில் பதில் வந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி பிறந்தும் சாரல் இறங்கவில்லை. கைலாசம் இரண்டு சனிக்கிழமை பஸ் ஏறவில்லை. வீட்டில் தலைவலி என்றார். பூவும் சுருங்கியிருந்தால் ஐந்து வருஷ நோட்டும் பழைய பேப்பர்காரனுக்குத்தான். மூன்றாவது வாரம் போனார்.

பாறையோரம் மங்குஸ்தான் விற்கும் குருவம்மாள், கூட்டமில்லாத எரிச்சலில் இருந்தாள்.

"ஒங்க செடியப் போயிப் பாருங்க சார். இலை என் சுண்டுவிரல் கணக்கா கெடக்கு. பூ மட்டும் என்ன, தேர் கணக்காவா இருக்கும்?"

இலை ஒன்றரை அங்குலம்கூட இல்லை. பூவில் முனைகளை வைத்தார். எடுத்து மறுபடி வைத்தார். அரை அங்குலம், ஒரு நூல். அடுத்த செடியிலும் அதே. இருபது செடி அளந்த பிறகு நோட்டை மூடி, குருவம்மாளிடம் வந்து, அவள் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"இலை தண்ணிக்குத் தக்க வளருது. பூவோட வாய் தேனீ ஒடம்புக்குத் தக்க இருக்கு. முன்ன ஒரு காலத்துல ரெண்டும் சேந்தே சுருங்குத செடியும் இருந்திருக்கும். வறண்ட வருசத்துல தேனீ நொழைய முடியாது. விதை இல்ல, வம்சம் அத்தோட போச்சு. இலை சுருங்கினாலும் பூ சுருங்காமத் தனியா நின்ன செடியோட பிள்ளைகதான் இதெல்லாம்."

குருவம்மாள் ஒரு பழத்தை உருட்டியபடி யோசித்தாள். "ஒரே வீட்டுல ரெண்டு அடுப்புன்னு சொல்லுதிய. ஒண்ணு அணைஞ்சாலும் இன்னொண்ணுல சோறு வேகும்."

கைலாசம் வாய்விட்டுச் சிரித்தார். மூன்று வாரமாக நெஞ்சில் கட்டியிருந்தது அந்தச் சிரிப்போடு இறங்கியது. பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தில் அவள் சொன்னதையே எழுதிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

இன்னும் ஒரு பூ அளக்கலாம் என்று மறுபடி பாறைக்குப் போய்க் குனிந்தார். அதற்குள் ஒரு தேனீ வந்து அந்தப் பூவைச் சுற்றிக்கொண்டிருந்தது. கவராயத்தை மடக்கினார். பூவின் மேல் தன் நிழல் விழுந்து கிடப்பதைக் கண்டதும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.