இடது கை நுரை

ஹயலியா நகரத்தில் எங்கள் டயர் கடைக்கு எதிரே உள்ள காபிக்கடையின் ஜன்னலில் மிக்டாலியா அக்கா இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள். மூன்று மணி ஆனால் நான் தெருவைக் கடந்து போய் ஒரு கொலாடா வாங்கி வருவேன். ஒரு குவளை காபி, கூடவே கட்டைவிரல் உயரத்தில் ஆறு குட்டிக் கோப்பைகள். கடையில் ஆறு பேரும் பங்கிட்டுக் குடிப்போம்.

அந்தக் காபிக்கு உயிரே நுரைதான். இயந்திரத்திலிருந்து சொட்டும் முதல் துளிகளைச் சர்க்கரையில் விட்டு, வெளுத்த பசையாகும்வரை கரண்டியால் அடிக்க வேண்டும். துளி கூடினால் பாகுதான் கிடைக்கும். அக்கா எங்களைத் திட்டிக்கொண்டே, பார்க்காமலே அடிப்பாள்.

பிப்ரவரியில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. காபிக்கடை முதலாளி எவெலியோ கெட்டவன் இல்லை, அவசரக்காரன்.

"நீ உள்ள ரொட்டிக்கு வெண்ணெய் தடவிட்டு உக்காந்திரு மிக்டாலியா. ஜன்னலுக்கு என் மருமகள வெச்சுக்கறேன்."

"எனக்கு இன்னொரு கை இருக்குல்ல? சனிக்கிழமை மூணு மணி வரைக்கும் டைம் குடு. நுரை வரலைன்னா நானே ஏப்ரனக் கழட்டிடறேன்."

அந்த வாரம் அவள் வீட்டில் இரண்டு பை சர்க்கரை தீர்ந்தது. இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. குவளையைப் பிடிக்க வலது கை உதவாததால், அதை வயிற்றுக்கும் மேடைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அடித்தாள். வயிறெல்லாம் கன்றிப்போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் எவெலியோ மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை ஜன்னல் முன்னால் நல்ல கூட்டம். பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். எவெலியோ கையைக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றான். இடது கைக்கு அளவு பிடிபடாமல் துளி கூடிவிட்டது. எவ்வளவு அடித்தும் பாகுதான்.

"பரவால்லக்கா, குடுங்க. நாங்க குடிச்சுக்கறோம்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

அவள் குவளையைத் தொட்டியில் கவிழ்த்தாள். "பாவம் பாத்துக் குடிக்க நான் என்ன கஷாயமா போடறேன்? வாய மூடிட்டு நில்லு ராசா."

மறுபடி சர்க்கரை. இந்த முறை காபித் துளி ஒரு கரண்டிதான் விட்டாள். கரகரவென்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. காபியை ஊற்றினாள். நுரை தடியாக மேலே வந்து, அப்படியே நின்றது.

எவெலியோ ஒரு குட்டிக் கோப்பையில் ஊற்றிக் குடித்தான். உடனே இன்னொன்றுக்குக் கையை நீட்டினான். அக்கா அந்தக் கையைக் கரண்டியால் தட்டிவிட்டாள்.

"அது டயர் கடைக்காரங்களோடது. உனக்கு வேணும்னா வெளிய வரிசையில வா."

எவெலியோ சுற்றிக்கொண்டு வெளியே போய்க் கடைசி ஆளாக நின்றான்.