தம்பி நடக்கும் வரைக்கும்

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவள். பாளையம்பட்டியில் வீட்டிலேயே உட்கார்ந்து ரவிக்கை தைக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் ஏதாவது பேசச் சொன்னால் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பேனே தவிர வாய் திறக்க மாட்டேன். ஆனாலும் குழந்தை தவழ்வதைப் பற்றியும் தத்தித் தத்தி நடப்பதைப் பற்றியும் இனிக்க இனிக்க எழுதியவற்றைப் படித்துப் படித்து எனக்கு எரிச்சலாகிவிட்டது. எழுதியவர்களில் ஒருவராவது ஒரு முழு நாள் அந்தக் குழந்தையின் பின்னால் ஓடியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓடியவர்களுக்கு எழுத நேரம் இருந்திருக்காது.

சாணி மெழுகிய தரையில் ஈரக் கை விழுகிற சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது. தப், தப், தப் என்று அது போகும். கூடவே அரைஞாண் கயிற்றில் கோத்த ஒற்றை மணி கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் பாத்திரம் துலக்கலாம், குடத்தில் தண்ணீர் எடுத்து வைக்கலாம். சத்தம் நின்றுவிட்டால் என் தம்பி செல்வம் எதையோ கண்டெடுத்து வாயில் போட்டுவிட்டான் என்று அர்த்தம். போட்டதைப் போட்ட கையோடு பிடுங்க வேண்டும். ஆட்டுப் புழுக்கை, அடுப்புக்கரி, கோழி இறகு, புளியங்கொட்டை என்று அவன் எதையும் ஒதுக்கியதில்லை. நான் ஊட்டுகிற கம்மங்கூழை மட்டும் துப்பினான். விரலை விட்டுத் தோண்டினால் கடிப்பான். அவனுக்கு முளைத்த முதல் இரண்டு பல்லையும் ஊருக்கெல்லாம் காட்டி அம்மா சிரித்தாள். அந்தப் பல் எப்படி இருக்கும் என்று என் ஆள்காட்டி விரலுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர் திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பாதையில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து உள்ளே நடக்க வேண்டிய ஊர். மழையை நம்பி மிளகாயும் கம்பும் போடுகிற பூமி. ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் உண்டு. ஆறாவது படிக்கத் திருச்சுழிக்கு பஸ் ஏற வேண்டும். நான் ஐந்து முடித்த கோடையில் செல்வம் தவழ ஆரம்பித்தான். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், என் கூட்டாளி சுமதிக்கு அவள் அம்மா பாவாடை தைத்துக்கொண்டிருந்த அன்றைக்கு, என் அம்மா சொன்னாள்:

"தம்பி நடந்துட்டான்னா நீ பஸ்ஸு ஏறு. அதுவரைக்கும் வீட்ல இரு. நான் காட்டுக்குப் போவேனா, இவனப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேனா?"

'காடு' என்றால் எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலம். அம்மா விடிந்ததும் களையெடுக்கப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அப்பாவும் விடியற்காலையில் காட்டுக்குப் போவார். வெயில் ஏறியதும் திரும்பிவிடுவார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் வாசல் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் ரேடியோவை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருப்பார். பிள்ளையை யார் பார்ப்பது என்ற பேச்சு வீட்டில் எத்தனையோ தடவை வந்தது. அந்தக் கட்டிலின் பக்கம் ஒரு தடவைகூட யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. "அவுக ஆம்பள, அவுகளுக்கு என்ன தெரியும்" என்று அம்மா சொல்வாள். எனக்கும் ஒன்றும் தெரியாது. எனக்குப் பத்து வயது.

தினமும் காலையில் வாசலைக் கூட்டுவேன். சுத்தத்துக்காக இல்லை, முள்ளுக்காக. எங்கள் ஊரில் வேலிக்கருவை இல்லாத இடம் கிடையாது. விறகு அதுதான், வேலி அதுதான், ஆடு தின்றுவிட்டு வருவதும் அதன் நெற்றைத்தான். நான் கூட்டி முடித்துத் திரும்புவதற்குள் ஆடுகள் குளம்பிலும் மயிரிலும் ஒட்டிய முள்ளை வாசல் முழுக்க உதிர்த்துவிடும். செல்வத்தின் முழங்காலில் ஏறிய முள்ளை ஊக்கால் எடுக்கும்போது அவன் என் முகத்திலேயே உதைப்பான். எடுத்து முடித்துக் கீழே விட்டால் நன்றியாக ஒரு பார்வைகூடக் கிடையாது. நேரே முள் கிடந்த இடத்துக்கே போவான். ஒரு இடத்துக்குப் போகாதே என்றால் அவனுக்கு அங்கேதான் வேலை. அடுப்பு, அண்டா, கோழிக் கூடை, சாணிக் குழி. தூங்குவது என் நீட்டிய காலின் மேல் மட்டும்; காலை மெல்ல உருவினால் அவ்வளவுதான், கண் விழித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவான்.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. பழைய சேலையை நீளவாக்கில் கிழித்து, ஒரு முனையைத் தவழுகிற பிள்ளையின் இடுப்பில், கை எட்டாதபடி முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டு, மறு முனையைக் கட்டில் காலில் கட்டிவிடுவார்கள். காட்டு வேலைக்குப் போகிற எல்லா வீட்டிலும் இது வழக்கம். அம்மாவும் கட்டினாள். ஒரு நாள் மத்தியானம் நான் அசந்து தூங்கிவிட, முடிச்சு அவிழ்ந்து அவன் தெருவுக்குப் போய்விட்டான். காட்டிலிருந்து வந்த யாரோ தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து அம்மா சேலையின் மறு முனையை என் கணுக்காலில் கட்டிவிட்டுப் போனாள். அவன் இழுத்தால் நான் விழித்துவிடுவேன் என்பது அவள் கணக்கு. சுமதி சாயங்காலம் பஸ் இறங்கி வரும்போது அந்தக் கோலத்தில்தான் என்னைப் பார்ப்பாள். "இன்னும் நடக்கலையாடீ?" என்று கேட்பாள். அவள் கேட்டதில் தப்பில்லை. எனக்கு அவளையும் பிடிக்காமல் போனது.

பக்கத்து வீட்டுக் காளியம்மாக்கா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "எந்நேரமும் ஆட்டுக்குட்டி கணக்கா கட்டிப் போட்டா காலு எப்பிடிடீ வரும்? அவுத்து விட்டாத்தான நடப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா தலை மறைந்ததும் முடிச்சை அவிழ்த்தேன். அன்றிலிருந்து ஒரே வேலை: அவனை நடக்க வைப்பது. சுவரோரம் நிறுத்துவேன், உட்காருவான். கையைப் பிடித்துத் தூக்குவேன். காலை மடக்கிக்கொண்டு தொங்குவான். வெல்லக்கட்டியைக் காட்டி எட்ட நின்று கூப்பிட்டால் தவழ்ந்தே வந்து, நடக்கிறவனைவிடச் சீக்கிரம் பிடுங்கிக்கொள்வான். பள்ளிக்கூடத்தில் அரைப் பரீட்சைக்கு முன்னால் வந்தால் சேர்த்துக்கொள்வதாக வாத்தியார் சொல்லியிருப்பதாக சுமதி சொன்னாள். அதை அவன் காதில் ஓதிக்கொண்டே அவனைத் தூக்கி நிற்க வைப்பேன். "நடலே, நடந்து தொலலே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவேன். அவன் சிரிப்பான்.

கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் நடந்தான். யாரும் கூப்பிடாமல், எதையும் பிடிக்காமல், அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் நடந்துபோய் வாசப்படியையும் தாண்டினான். பிள்ளை நடந்து வாசப்படி தாண்டினால் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அம்மா அன்றைக்குக் காட்டுக்குப் போகாமல் மாவிடித்தாள். நான்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய எல்லாரும் பிள்ளையை வாழ்த்தினார்கள். எனக்கு அது என்னுடைய கொழுக்கட்டை. சுமதி வீட்டில் மட்டும் ஒன்று கூடுதலாக வைத்து, "நாளைக்கு ஒங்கூட வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்ததும் பரணிலிருந்து மஞ்சள் பையை இறக்கித் தூசி தட்டினேன்.

அம்மா பையைப் பார்த்தாள்.

"அது எதுக்குடி இப்ப?"

"நடந்துட்டான்ல. நீதான சொன்ன."

"கூறு கெட்டவளே, தவழுற பிள்ளைன்னா வீட்டுக்குள்ள கெடக்கும். நடக்குற பிள்ளைக்கு ஊரே வாசலு. இப்பத்தாண்டி கண்ணு வேணும்."

அப்பா கட்டிலில் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "வெல்லம் கொஞ்சம் கம்மி" என்றார்.

நடக்கிற செல்வம் தவழ்கிற செல்வத்தைவிட மோசம் என்பதில் அம்மா சொன்னது சரிதான். அதற்காகவே அவனை இன்னும் வெறுத்தேன். மாசியில் மிளகாய்ப் பழம் வந்தது. வீட்டுக்கு முன்னால் களத்தில் சிவக்கச் சிவக்கக் காயப் போட்டிருந்தோம்; அந்த நெடியில் தெருவே தும்மிக்கொண்டிருக்கும். ஒரு மத்தியானம் நான் உள்ளே அவனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். மணிச் சத்தம் வாசலில் கேட்டது. அப்பா அங்கேதான் இருக்கிறார் என்று எழுந்து போகாமல் இருந்துவிட்டேன். பிறகு கேட்ட அலறலுக்கு ஓடிப் போனால், மிளகாய்க்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறான். தூக்கிக் கொண்டுபோய்த் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் ஊற்றினேன். என் கண்ணும் எரிந்தது. காட்டிலிருந்து ஓடி வந்த அம்மா, அவனை வாங்குவதற்கு முன்னால் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அப்பா அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தார்.

"நான் பாத்தேன்" என்றார். "கட்டிலுக்கு அடியில நொழஞ்சு அங்கிட்டுத்தான் போனான்."

பார்த்திருக்கிறார். கையை நீட்டினால் காலைப் பிடித்திருக்கலாம். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. "ஒரு பிள்ளையப் பாக்கத் துப்பில்ல" என்று சொன்னது என்னைத்தான். செல்வத்தின் கண் இரண்டு நாளில் தெளிந்தது. எனக்குத் தெளியவில்லை.

அடுத்த ஆனியில் என்னை ஆறாவது சேர்த்தார்கள். சுமதி ஏழாவது போய்விட்டாள். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். யாராவது எந்திரிக்கச் சொன்னால் உயரம் தெரியுமே என்று கூனிக்கொண்டு நிற்பேன். அந்தக் கூச்சம் இன்றைக்கும் போகவில்லை.

அந்தக் களத்தில் இப்போது பிளாட்டுக் கல் நட்டிருக்கிறது. வேப்பமரம் ரோட்டை அகலமாக்கியபோது போய்விட்டது. கயிற்றுக் கட்டில் எங்கேயும் கண்ணில் படுவதில்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை. சாணித் தரை போய் டைல்ஸ் வந்துவிட்டதால் கை விழுகிற சத்தமும் கேட்பதில்லை. போனதில் எதற்காகவும் நான் ஏங்கவில்லை. கருவை முள் மட்டும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வம் பெண்டாட்டி ஈஸ்வரியோடும் பிள்ளைகளோடும் வந்தான். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். சொந்தமாக மினி லாரி வைத்து லோடு ஓட்டுகிறான். மூத்தவள் பவித்ரா அருப்புக்கோட்டையில் ஆறாவது படிக்கிறாள். ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த சின்னவன் இப்போது தவழ்கிறான்.

"ஈஸ்வரிக்கு மில்லுல வேலை கெடச்சிருக்குக்கா" என்றான் செல்வம், என் கட்டிலில் சாய்ந்து செல்லைப் பார்த்தபடியே. "காலைல வேனு வந்து ஏத்திக்கிரும். சின்னவன ஒங்கிட்ட விடலாம்னு. நீ சும்மா வீட்லதான இருக்க."

"தைக்கிறேன்" என்றேன்.

"அதான், வீட்லதான. என்னைய வளத்த கைதான, ஒனக்கு என்ன புதுசா."

நான் பதில் சொல்லவில்லை. என் மௌனத்தை யாரும் மறுப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை. அவன் மட்டும் அன்றைக்கு எடுத்துக்கொண்டான்.

"இல்லேன்னா விடு. பவித்ரா கொஞ்ச நாளு வீட்ல இருக்கட்டும். இவன் நடந்துட்டான்னா அப்பறம் போயிக்கிரட்டும்."

பவித்ரா வாசல் பக்கம் உட்கார்ந்து தம்பியின் கையிலிருந்து நூல்கண்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. பிடுங்குகிற கை மட்டும் நின்றுவிட்டது.

"ஏன், லோடு இல்லாத அன்னைக்கு இவுக பாத்தா என்ன மதினி" என்றாள் ஈஸ்வரி, என்னைப் பார்த்து. "வாரத்துல பாதி நாளு வண்டி வாசல்லதான் நிக்குது. வண்டியத் தொடைக்கத் தெரியும், பிள்ளையத் தொடைக்கத் தெரியாதாம்."

"ஆம்பள பாக்குற வேலையாடி அது" என்று அவன் சிரித்தான்.

சின்னவன் நூல்கண்டை விட்டுவிட்டுக் கிளம்பினான். ஊசி, பின், கத்திரி எல்லாம் தையல் மெஷினுக்கு அடியில் தகர டப்பாவில் இருக்கிறது. அவன் நேரே அதற்குத்தான் போனான். போகிற வழி, கட்டிலுக்கு அடியில்.

"அந்தா, மிசினுக்கு அடியில போறான் பாருங்க" என்றான் செல்வம். செல்லிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்து, சொல்லிவிட்டு, மறுபடியும் செல்லைப் பார்த்தான். அவன் தொங்கப் போட்டிருந்த காலை உரசிக்கொண்டுதான் பிள்ளை போனது.

நான் எழுந்து போய்ச் சின்னவனைத் தூக்கினேன். வெட்டுத்துணி மூட்டையிலிருந்து ஒரு பழைய சேலைக் கிழிசலை உருவி அவன் இடுப்பில் முதுகுப் பக்கமாக முடிச்சுப் போட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கை அந்த முடிச்சை மறக்கவில்லை. மறு முனையை செல்வத்தின் கணுக்காலில் கட்டினேன்.

"என்னக்கா இது, வெளாட்டா?"

"நீ நடக்குற வரைக்கும்னு சொல்லித்தான் என்னையக் கட்டிப் போட்டாக. நீ நடந்த பெறகும் அவுத்து விடல." நிறுத்தினால் பேச்சு மறுபடி வராது என்று சொல்லிக்கொண்டே போனேன். "ஒம்பிள்ளைக்கு நீ இரு. பவித்ராவ நிப்பாட்டுனா இந்த வாசல மிதிக்காத."

"லோடு வந்தா?"

"லோடு என்னைக்குடா தெனம் வந்துச்சு?"

ஈஸ்வரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். செல்வம் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தான். அதற்குள் சின்னவன் டப்பாவைப் பார்த்து ஒரு இழுப்பு இழுத்தான். செல்வத்தின் கையிலிருந்த செல் கீழே விழுந்தது. அதை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். துணி அவன் காலிலிருந்து தெருவில் இழுபட்டுக்கொண்டே போனது.

மறுநாள் ஈஸ்வரி வேனில் ஏறினாள். பவித்ரா வழக்கமான பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனாள். செல்வத்தின் வண்டி சாயங்காலம் வரைக்கும் அவன் வீட்டு வாசலிலேயே நின்றது.