துரை நாற்காலி

போன மாதம் ஒரு மத்தியானம் அந்த நாற்காலி மினி லாரியில் வந்து என் கடை வாசலில் இறங்கியது. ஆரியசாலையில் அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தினால் பின்னால் நிற்கிறவன் ஆரன் அடித்தே உயிரை எடுத்துவிடுவான். அந்தச் சத்தத்துக்கு நடுவில், பின்னுக்குச் சாய்ந்த முதுகும், பிரம்பு பின்னிய ஆசனமும், பக்கத்துக்கு இரண்டாக நான்கு இரும்பு வளையங்களுமாக அது தரையில் கால் ஊன்றியதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா? கூட வந்தவர், முன்பு என்னை வேலைக்கு வைத்திருந்த ஆபீசர் சாரின் மகன். கரமனையில் வீடு, கல்லூரியில் சரித்திர வாத்தியார். என்னை அவருக்குத் தெரியாது. அவருடைய அப்பாவை எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கே தெரியாது.

"அண்ணாச்சி, இது பிரிட்டிஷ் காலத்து நாற்காலி. அப்பா தீவுல டியூட்டி பார்த்தப்போ அழிஞ்சு போகாம காப்பாத்திக் கொண்டுவந்தது. அடுத்த வாரம் ஒரு செமினார் வச்சிருக்கோம். அடிமையா இருந்து விடுதலையான ஒரு நாடு, தானே இன்னொருத்தரை அடிமைப்படுத்தி ஆள முடியுமான்னு தலைப்பு. மேடையில இதை வைக்கணும். பழசு தெரியற மாதிரி லேசா பாலிஷ் போட்டு, முதுகுல இந்தத் தகட்டை அடிச்சுக் கொடுங்கோ." பித்தளைத் தகட்டில் இங்கிலீஷ். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். வெள்ளையர் செய்த நாற்காலி, அவர்கள் நம் மக்களின் தோள்மேல் ஏறிப்போனதற்குச் சாட்சி என்று எழுதியிருக்கிறதாம். எனக்கு வந்த சிரிப்பை வெற்றிலையோடு சேர்த்து மென்றேன். முடியுமா, முடியாதா என்று பேச ஒரு மண்டபம், ஒரு பகல், இலை போட்டு ஊண். அதற்கு விடை நாலு காலில் என் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் வந்து, சாலைக் கடைத்தெருவில் மரம் சுமந்து, மரம் அறுத்து, மரத்தோடு பேசக் கற்றுக்கொண்டவன். இன்று இரண்டு மாடிக் கடை எனக்கு. இந்த ஊரில் பெரிய மனிதர்கள் என்று நடமாடுகிறவர்களில் பாதிப்பேர் என் கட்டிலில் தூங்குகிறவர்கள். யாரும் எனக்குச் சிபாரிசு எழுதித் தரவில்லை. என் கை எழுதியது, அவ்வளவுதான். அந்தக் கையைப் பார்த்துத்தான் ஆபீசர் சார் என்னைச் சர்க்கார் தச்சு வேலைக்குத் தீவுக்குக் கூட்டிப்போனார். அப்போது எனக்கு மீசை முளைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வெள்ளைக்காரன் போய் ஒரு தலைமுறை கடந்திருந்தது.

அந்தத் தீவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நம் கொடி பறக்கிற இடம், அது போதும். கரையைச் சுற்றிக் கடல் முழங்கால் ஆழம், கண்ணாடிபோலத் தெளிவு, அடியில் பவளப்பாறை. பெரிய படகு தூரத்திலேயே நின்றுவிடும். எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடக்க வேண்டியதுதான். முன்காலத்தில் எப்போதாவது வருகிற வெள்ளைத் துரைக்கு மட்டும் கால் நனையக்கூடாது என்று, வளையம் வைத்த நாற்காலியில் மூங்கில் கோர்த்து நாலு பேர் தோளில் தூக்கிக் கரை சேர்ப்பார்களாம். அந்த நாற்காலியின் ஒரு கையும் துருப்பிடித்த ஒரு வளையமும் படகுக் கொட்டகை மூலையில் கிடந்தன. மற்றதையெல்லாம் கரையான் தின்றுவிட்டது. கரையானுக்கு இருந்த புத்தி ஆபீசருக்கு இல்லை. அதைக் கையில் எடுத்துத் தூசி தட்டி, "மேஸ்திரி, இதே மாதிரி ஒண்ணு பண்ண முடியுமா? கவர்மெண்டுன்னா ஒரு கௌரவம் வேண்டாமா?" என்று கேட்டார். முடியுமாவா? துரை உட்கார்ந்ததைவிட நன்றாகச் செய்தேன். நல்ல ஈட்டி மரம், ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் கோர்த்த பூட்டு. இன்றுவரை ஒரு மூட்டு ஆடவில்லை.

சாயங்காலமானால் ஆபீசர் சார் எங்களைச் சுற்றி உட்காரவைத்து வெள்ளைக்காரனைத் திட்டுவார். நம்மைக் கொள்ளையடித்தான், நம்மை மனுஷனாகவே மதிக்கவில்லை என்று சொல்லும்போது கண் கலங்கும். பொய்க் கண்ணீர் இல்லை அது. அதனால்தான் அந்த ஆளை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அதே வாயால், அதே மூச்சில், தீவுக்காரர்களைப் பற்றிச் சொல்வார்: "பாவம், ஒண்ணும் தெரியாத குழந்தைங்க. நாமதான் முன்னேத்தணும்." அந்தக் குழந்தைகளில் ஒருவர் படகுக் கொட்டகைக்கு உடையவரான மூத்த ஓடக்காரர். ஆபீசரைவிட வயதில் மூத்தவர். நட்சத்திரத்தைப் பார்த்துக் கடலைத் தாண்டி நம் கரைக்கு வந்து போனவர்.

முன்னேற்றம் எப்படி வந்தது என்றால், ஒரு உத்தரவாக வந்தது. தண்ணீர் தொடுகிற இடத்திலிருந்து தென்னை வரிசை வரைக்கும் கரை சர்க்காருக்குச் சொந்தம், அனுமதி இல்லாமல் யாரும் கால் வைக்கக்கூடாது, கொட்டகையைப் பிரித்துவிட்டு அங்கே விருந்தினர் மாளிகை கட்டப்படும். மழைக்காலத்தில் படகை ஏற்றிவைக்கக் கொட்டகை இல்லையென்றால் அந்த மனிதருக்குப் படகு இல்லை, படகு இல்லையென்றால் பிழைப்பு இல்லை. அவர் ஆபீசர் முன்னால் போய் நின்றபோது நானும் இருந்தேன். அவர்கள் பேசுவது ஒரு தினுசு மலையாளம். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

"சாரே, எங்க அப்பனுக்கு அப்பன் போட்ட கொட்டகையாக்கும். துரைமார்கூட அதில் கை வைக்கலை."

"துரை உங்களைச் சுரண்ட வந்தான்யா. நாங்க உங்களுக்கு நல்லது பண்ண வந்திருக்கோம்."

"அதுதான் சாரே பயமா இருக்கு. துரை வந்தா நாலு இளநீர் குடிச்சிட்டுப் போயிடும். நிங்க போகமாட்டீங்களே."

ஆபீசர் சார் சிரித்தார். குழந்தை பேசியதைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு. உத்தரவு அப்படியே நின்றது.

சுதந்திர தினம் வந்தது. முந்தின நாள் வேலையாகப் பக்கத்துத் தீவுக்குப் போயிருந்த ஆபீசர், கொடியேற்ற விடிந்ததும் படகில் வந்தார். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, மடியில் மடித்த கொடி. கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு மட்டும் அன்றைக்கு அனுமதி. மூத்த ஓடக்காரரும் இன்னும் மூன்று பேரும் நாற்காலியோடு தண்ணீரில் காத்திருந்தார்கள். ஆபீசர் ஏறி உட்கார்ந்தார். தூக்கினார்கள். நான் கரையில் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, என் வேலை எப்படிக் கனம் தாங்குகிறது என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, முழங்கால் ஆழத்தில், நாலு பேரும் நின்றார்கள். நாற்காலியை அலுங்காமல் பவளப்பாறைமேல் இறக்கினார்கள். மூங்கிலை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

"என்னய்யா, ஏன் நிறுத்திட்டீங்க?"

"எங்க எல்லை இத்தனைதான் சாரே. அப்பால சர்க்கார் நிலம். எங்க கால் படக்கூடாதுன்னு சார்தானே உத்தரவு போட்டது?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். தூக்குங்கய்யா! கொடி நனைஞ்சிடும்!"

"கொடியைத் தலைமேல வச்சிக்கோ சாரே. நாங்க கடலுக்குப் போகும்போது சோத்துப்பானையை அப்படித்தான் கொண்டுபோறது."

நாலு பேரும் திரும்பிப் படகைப் பார்த்து நடந்துவிட்டார்கள். ஆபீசர் சார் கொஞ்ச நேரம் கடல் நடுவில் மகாராஜாபோல உட்கார்ந்திருந்தார். பிறகு வேறு வழியில்லாமல் கொடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு, ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக் என்று அடிக்கக் கரை ஏறினார். முழங்காலுக்குக் கீழே ஈரம் சொட்டச் சொட்ட நின்று, அந்நியன் காலடியிலிருந்து நாம் மீண்ட கதையைப் பேசினார். பிள்ளைகள் அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் கடலைப் பார்த்தார்கள். காலி நாற்காலியில் ஒரு வெள்ளைக் கொக்கு வந்து உட்கார்ந்திருந்தது. "டோய், துரை திரும்பி வந்துட்டான்!" என்று ஒரு பையன் கத்தினான். அந்தச் சிரிப்பில் ஜெய்ஹிந்த் யாருக்கும் கேட்கவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. அடுத்த வாரமே கொட்டகையைப் பிரித்தார்கள். படகு மழையில் கிடந்து வாய் பிளந்தது. மாளிகைக்குக் கதவும் சன்னலும் நான்தான் செய்தேன். தச்சன் நான், வேலை செய்தேன், கூலி வாங்கினேன். அதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. வேலை முடிந்த அன்று வாசலில் இங்கிலீஷில் ஒரு பலகை மாட்டினார்கள். என்ன எழுதியிருக்கு மேஸ்திரி என்று ஓடக்காரர் கேட்டார். "எனக்கும் படிக்கத் தெரியாது மூத்தவரே. ஆனா நமக்கு நல்ல சேதி இல்லை" என்றேன். அவர் கடைசியில் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. ஆபீசர் சார் மட்டும் ஓய்வு பெற்று, நாற்காலியோடு இந்த ஊருக்கு வந்து, சாகிறவரை மேடை மேடையாக ஏறி வெள்ளைக்காரனைத் திட்டினார். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் உடைகிற தேங்காய்க்குக்கூட உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருக்கும். அந்தப் பேச்சுகளுக்குள் ஒரு சொட்டு இல்லை.

மகனிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. நாற்காலியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஆசனச் சட்டத்தின் அடியில், நான் செய்கிற எல்லாப் பொருளிலும் செதுக்குகிறதுபோல, என் பெயரின் முதல் எழுத்து. தமிழில், கொஞ்சம் கோணலாக.

"உங்க வெள்ளைக்காரன் எங்க பக்கத்து ஆளா இருப்பான் போலிருக்கே ஐயா."

குனிந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது. "இது... நீங்க பண்ணினதா? அப்பா சொன்னதே இல்லையே."

"சொல்ற விஷயமா அது? நம்ம கொடிக்குக் கீழே, உங்க அப்பா ஆர்டர் போட்டு நான் செஞ்சது. தகட்டை மாத்தி அப்படி எழுதிக் கொண்டுவாங்க. பாலிஷ், ஆணி எல்லாம் இனாம்."

வியர்வையைத் துடைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நோட்டீஸ் அடிச்சாச்சு அண்ணாச்சி. படம்கூடப் போட்டாச்சு. இருக்கிற தகட்டையே அடிச்சுடுங்கோ. யார் கவுத்திப் பாக்கப்போறா?"

படித்த மனிதர், அதுவும் சரித்திரம். நான் சுத்தியலை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன். என் கைவேலையை வெள்ளைக்காரன் பெயரில் எழுதிக் கொடுக்க எனக்கு என்ன கிறுக்கா பிடித்திருக்கிறது?

ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று போனவர் இன்னும் அனுப்பவில்லை. செமினார் நடந்ததாம், முடிவு ஒன்றும் எட்டவில்லையாம், சாப்பாடு நன்றாக இருந்ததாம். நாற்காலி வாசலில் நாலு காலையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. போகிற வருகிறவர்கள் தடுக்கிக்கொள்கிறார்கள். "இதை நேரா வச்சாத்தான் என்ன அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். வைக்கலாம். வைத்தால் எவனாவது ஏறி உட்கார்ந்துவிடுவான்.